கதவின் மேல்விளிம்பு

விற்கப்போகும் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் கழற்றுவது உள்கதவுகளைத்தான். கதவு ஓர் அறையைச் சிறியதாக்கிவிடும். புகைப்படத்தில் அதன் விளிம்பு ஒரு கறுப்புக் கோடாக விழும். கதவுகளை எடுத்துவிட்டால் சமையலறையின் வெளிச்சம் கூடம் வரைக்கும் வரும். வீடு பார்க்க வருகிறவர்கள் ஏனென்று தெரியாமலே ஆழ்ந்து மூச்சு விடுவார்கள். விற்கிறவர்களுக்காக வீட்டை அலங்கரித்துக் கொடுக்கும் இந்த வேலையைப் பதினோரு வருடமாகச் செய்கிறேன். என் கிடங்கில் எப்போதும் யாருடைய கதவுகளாவது நிற்கும், போர்வை சுற்றி, வீட்டுக்காரர் பெயர் எழுதிய காகிதம் ஒட்டி.

ஏப்ரல் மாதத்தில் என் அக்கா ஹில்லெவி தொலைபேசியில் அழைத்து வீட்டை விற்கப்போவதாகச் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. அவள் கணவர் டோர்க்னி பிப்ரவரியில் முதியோர் காப்பகத்துக்குப் போயிருந்தார். ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தவர், இப்போது ஹில்லெவியைப் பார்த்து "டீச்சர், நான் வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்கிறார். அவ்வளவு பெரிய வீட்டில் அவள் தனியாக எதற்கு?

"கதவையெல்லாம் எப்பவும் கழட்டிடுவேல்ல? முதல்ல அதைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடு" என்றாள்.

அதுதான் நெருடியது. இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் எதுவும் கேட்டதில்லை. 'அடுத்தவங்க வீட்டுத் தலகாணியத் தட்டிப் போடறதுக்குச் சம்பளம்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாக அவள் நினைத்ததில்லை.

நான் போனபோது பனி உருகி முடிந்திருந்தது. மஞ்சள் மரவீடு, ஆற்றை நோக்கி இறங்கும் சரிவின் மேல் விளிம்பில். வீட்டுக்குக் கிழக்கே பத்தடி புல்வெளி, அதன் பிறகு பிர்ச் மரங்கள், கீழே ஓடை. ஓடைத் தண்ணீர் சாம்பல் கலங்கலாக இருந்தது. பிர்ச் மரங்கள் அடியில் ஒருபக்கமாய்ச் சாய்ந்து பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்தன. யாரோ தள்ளிவிட்டு, விழாமல் சமாளித்து நிற்கிறவர்களைப்போல.

சமையலறை சோபாவில் ஒரு தலையணையும் போர்வையும் கிடந்தன.

"மாடியில தூங்கறதில்லையா, ஹில்லெ?"

"படியேற முட்டி வலிக்குது."

"போன மாசம் பனியில ஸ்கீ போட்டுப் பன்னெண்டு கிலோமீட்டர் போனேன்னு சொன்ன."

"ஸ்கீயில படியா இருக்கு? காபி குடிக்கிறியா, இல்ல குறுக்கு விசாரணை பண்ண வந்தியா?"

நான் காபி குடித்தேன். பிறகு கருவிப் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

எங்கள் ஊர்க் கதவுகளைக் கழற்றுவது கடினமில்லை. அடியில் பிடித்து மேலே தூக்கினால் கீலிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். மேற்கு அறைக் கதவு அப்படித்தான் வந்தது. கிழக்கு அறையின் கதவு அசையவில்லை. மூடியிருந்த அதை முதலில் திறக்கவே தோளால் இடிக்க வேண்டியிருந்தது. தூக்குவதற்கு மேலே ஒரு நகம் நுழையும் இடைவெளிகூட இல்லை. நிலைச்சட்டம் ஒரு மூலையில் கீழிறங்கிக் கதவின் தலையைக் கவ்வியிருந்தது. கடைசியில் இரும்புக் கம்பியால் நெம்பி எடுத்தேன். கதவைச் சுவரில் சாய்த்து வைத்தபோதுதான் அதன் மேல்விளிம்பைப் பார்த்தேன்.

எந்த வீட்டிலும் யாரும் பார்க்காத இடம் அது. வழக்கமாகத் தூசியும் செத்த ஈக்களும்தான் இருக்கும். இங்கே பெயின்ட் இல்லாத வெறும் மரம், ஒரு பக்கம் மட்டும் சரிவாக இழைக்கப்பட்டு வழவழவென்றிருந்தது. அதில் டோர்க்னியின் கையெழுத்து. பள்ளியில் கரும்பலகையில் எழுதுகிற அதே நேரான எண்கள், பென்சிலில். இழைப்புளி தொடாத பக்கத்தில் வரிசையாகத் தேதிகள்.

முதல் தேதி ஒன்பது வருடத்துக்கு முந்தைய மே மாதம். அடுத்த வருடம் ஒரு தேதி. அதற்கடுத்த வருடமும் ஒன்று. பிறகு வருடத்துக்கு இரண்டு. போன வருடத்தில் நான்கு. கடைசித் தேதியின் எண்கள் நடுங்கியிருந்தன, மாதம் இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு என்று இருந்தது. இல்லாத மாதம் ஒன்றில், தான் யாரென்பதே மறந்துகொண்டிருந்த மனிதர், இதை மட்டும் மறக்காமல் இழைப்புளியுடன் ஏணி ஏறியிருக்கிறார்.

நிலைச்சட்டம் இப்படி வருடாவருடம் இறங்கினால் என்ன அர்த்தம் என்று எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்பில் டீச்சர் ஒரு கட்டிக் களிமண்ணை மேசைமேல் வைப்பார். வகுப்பில் பலசாலியான பிள்ளையைக் கூப்பிட்டு அதன்மேல் அழுத்தச் சொல்வார். கல்லைப்போல் நிற்கும். பிறகு அதே கட்டியைக் கண்ணாடிக் குவளையில் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமல் கரண்டியால் கிளறுவார். முப்பது சுற்றுச் சுற்றியதும் குவளையைச் சாய்ப்பார். மண் மோரைப்போல் ஊற்றும். நாங்கள் கைதட்டுவோம். நம் காலுக்குக் கீழே இருப்பது இதுதான் என்று பிறகுதான் சொல்வார். ஒருநாள் நகரத் தொடங்கினால் ஓடுவதற்கு நேரம் இருக்காது என்பதை அவர் சொல்லமாட்டார். அதை வீட்டில் சொல்வார்கள்.

கீழே போனேன். ஹில்லெவி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டோர்க்னி கதவுல தேதி எழுதியிருக்காரு."

"பெயின்ட் தடிச்சுப்போச்சு. அதான் இழைச்சாரு."

"போன வருஷம் நாலு தடவையா பெயின்ட் அடிச்சீங்க?"

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"நகராட்சியில சொல்லி மண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்கலாமே, ஹில்லெ."

"கேட்டா வருவாங்க. வந்தா துளை போட்டுப் பார்ப்பாங்க. பார்த்தா எழுதிடுவாங்க. எழுதினது அப்புறம் வீட்டோடயே ஒட்டிக்கிட்டு இருக்கும். எதுவும் கேக்காத வரைக்கும் எங்களுக்கு எதுவும் தெரியாது. டோர்க்னிதான் அப்படிச் சொன்னாரு. தெரியாததை யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்ல."

"இப்ப எனக்குத் தெரியுமே."

அப்போது திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். களைப்புதான் இருந்தது.

"சரி சின்னவளே, சொல்லிடு. தரகர்கிட்ட இப்பவே போன் பண்ணிச் சொல்லு. ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. அப்புறம் நான் இங்கயேதான் படுக்கணும். எனக்கு இதைத் தவிர வேற என்ன இருக்கு? எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கட்டும்னு நீயே சொல்லிட்டுப் போ."

அவள் ஏன் சமையலறையில் தூங்குகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. வீட்டில் சரிவிலிருந்து மிகத் தள்ளியிருந்த இடம் அதுதான். கைக்கெட்டும் தூரத்தில் வாசல். சோபாவுக்கு அடியில் அவள் கனத்த காலணிகள், நாடா அவிழ்த்து, கால் நுழைக்கத் தயாராக.

நான் யாருக்கும் போன் செய்யவில்லை. மீதி இரண்டு கதவுகளையும் கழற்றி, நான்கையும் வண்டியில் ஏற்றினேன்.

ஏன் என்று பலமுறை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறொரு பதில் வருகிறது. சிறுவயதில் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தால் அம்மா வீட்டிலிருந்த அத்தனை குப்பையையும் கூடத்து அலமாரிக்குள் திணிப்பாள். அலமாரிக் கதவு மூடாது. அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு புன்னகையோடு நிற்பது என் வேலை. ஹில்லெவி காபி ஊற்றுவாள். "உங்க சின்னப் பொண்ணு எவ்வளவு அமைதி" என்பார்கள். என் முதுகுக்குப் பின்னால் ஒரு துடைப்பக்கட்டை மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது எனக்குப் பிடித்திருந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை முதுகால் தாங்கிக்கொண்டு நிற்பது.

அடுத்த இரண்டு வாரம் வேலை செய்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எந்த வீட்டையும் தயார் செய்ததில்லை. குடும்பப் படங்களை எடுத்துப் பெட்டியில் போட்டேன். சுவர்களுக்கு வெள்ளை அடித்தேன். மாடிப்படியோரம் குறுக்காக ஓடிய கீறலைப் பூசி மறைத்து, அதன்மேல் வட்டமான கண்ணாடி ஒன்றை மாட்டினேன். கிழக்கு அறையைக் குழந்தை அறையாக்கினேன். சிறிய வெள்ளைக் கட்டில், மரத்தால் செய்த நரி, சன்னலில் காகித நட்சத்திரம். குழந்தை அறை இருந்தால் குழந்தை உள்ளவர்கள் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

புல்வெளியில், பிர்ச் மரங்களுக்கு இணையாக, ஒரு விரல் அகலத்தில் நீளமான பிளவு இருந்தது. அதை மண்போட்டு மூடி, வரிசையாக ஏழு தொட்டிகளில் ஹைட்ரேஞ்சியாச் செடிகளை வைத்தேன். ஹில்லெவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. டோர்க்னி பார்த்தா இது யார் வீடுன்னு கேப்பாரு."

"அவரு இப்ப எந்த வீட்டையும் அப்படித்தானே கேக்கறாரு."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

புகைப்படக்காரர் வந்த காலையில் சாப்பாட்டு மேசையில் மூன்று எலுமிச்சைப் பழங்களை வைத்தேன். வெள்ளை வீட்டுக்கு ஒரு மஞ்சள் வேண்டும், எல்லா வீட்டிலும் செய்வதுதான். நான் கையை எடுத்ததும் முதல் பழம் நகர்ந்தது. பிறகு இரண்டாவது. அவசரமில்லாமல், வழி தெரிந்தவைபோல, கிழக்கு விளிம்புக்கு உருண்டு போய் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மூன்றாவதை நான் பிடித்துவிட்டேன்.

"கிண்ணத்துல போட்டுடுங்க" என்றார் புகைப்படக்காரர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தச் சன்னலும் கொஞ்சம் கோணலாத் தெரியுது. பரவால்ல, கம்ப்யூட்டர்ல நேராக்கிக்கலாம்."

நேராக்கினார். படங்களில் அந்த வீடு ரசமட்டம் வைத்துக் கட்டியதுபோல் நேராக நின்றது.

கட்டட ஆய்வாளர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். எங்கள் நாட்டில் வாங்குகிறவர்கள் தாங்களே பார்த்து வாங்க வேண்டும், அதற்காகவே இந்த ஆளும் அவருடைய அறிக்கையும். கையில் ஈரம் அளக்கும் கருவியோடு ஒவ்வொரு அறையாகப் போனார். குளியலறையில் நெடுநேரம் இருந்தார். கூரைக்கு ஏறினார். படிவத்தில் உள்கதவுகள் என்ற வரிக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

"அலங்காரத்துக்கா?"

"ஆமாம்."

அவர் தலையாட்டிவிட்டு எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'உள்கதவுகள்: ஆய்வின்போது பொருத்தப்பட்டிருக்கவில்லை. குறிப்பு ஏதுமில்லை.' இல்லாத கதவு எப்படி இடிக்கும்? எல்லா வீட்டிலும் நானோ என்னைப் போன்ற ஒருத்தியோ கதவுகளைக் கழற்றியிருப்பதால், அவரும் எல்லா அறிக்கையிலும் இதையே எழுதிப் பழகியிருந்தார். எங்களில் யாருக்கும் இது தவறாகத் தோன்றியதில்லை. வீட்டில் முதலில் பேசுவது கதவுதான். அதை நான் கிடங்குக்கு அனுப்பியிருந்தேன்.

வீடு பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை மழை நின்று வெயில் அடித்தது. தரகர் ரூரிக் வாசலில் நீலப் பிளாஸ்டிக் காலுறைகளைக் கூடையில் வைத்தார். நான் அடுப்பில் ஏலக்காய் பன்களைச் சூடாக்கினேன். வீட்டுக்காரர்கள் அன்று இருக்கக் கூடாது என்பதால் ஹில்லெவி மாதாகோவில் வாசலில் காரில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவளிடமிருந்து செய்தி வந்தது. 'எத்தனை பேரு?' 'கிழக்கு ரூமுக்குப் போனாங்களா?' 'பன் கருகிடப் போவுது, பாரு.'

ஒன்பது குடும்பங்கள் வந்தன. நான் நினைவில் வைத்திருப்பது ஒன்றை. லோவிசா, அவள் கணவன் மெல்க்கர், அவர்கள் மகள் சிக்னே. கோதன்பர்க்கில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள் என்று ரூரிக் சொன்னார். லோவிசா பேசாமல் சுற்றிப் பார்த்தாள். சுவரைத் தொட்டாள். மெல்க்கர் எல்லாவற்றையும் சத்தமாக விரும்பினான்.

"லோவிசா, இங்க பாரு, ஆறு தெரியுது. கப்பல் போகுது பாரு. நம்ம வீட்டுல என்ன தெரியும்? எதிர்வீட்டுக்காரரோட கால்சட்டை."

நாலு வயது சிக்னே என் கிண்ணத்திலிருந்து ஓர் எலுமிச்சையை எடுத்திருந்தாள். கூடத்துத் தரையில் வைத்தாள். அது உருண்டது. ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள். மறுபடி உருண்டது.

"அம்மா, இது தானாவே ஓடுது. நான் தள்ளவே இல்ல."

லோவிசா பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சமையலறை வாசலில், கதவு இருந்த இடத்தில், நிலையில் முதுகு சாய்த்து நின்றிருந்தேன்.

"பழைய வீடுன்னா தரை கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றார் ரூரிக். "எங்க வீட்டுல கோலிகுண்டு போட்டா தெருவுக்கே போயிடும்." மெல்க்கர் சிரித்தான்.

லோவிசா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "நீங்க விக்கறவங்களோட தங்கச்சியாமே. நீங்களா இருந்தா இந்த வீட்டுல குடியிருப்பீங்களா?"

உண்மையைச் சொல்வதற்கு எனக்கு இருந்த நேரம் ஒரு மூச்சு அளவுதான். அந்த ஒரு மூச்சில் சோபாவுக்கு அடியிலிருந்த ஹில்லெவியின் காலணிகளைத்தான் மனதில் பார்த்தேன்.

"காலையில இங்க வர்ற வெளிச்சம் வேற எங்கயும் கிடைக்காது" என்றேன்.

அது பொய்யில்லை. அவள் நான் சொன்னதை நன்றியோடு வாங்கிக்கொண்டாள். சொல்லாததை ஒரு கணம் தேடினாள். பிறகு விட்டுவிட்டாள்.

வாங்க விரும்பியவர்கள் விலையை ஏற்றிக் கேட்ட ஏலம் தொலைபேசிச் செய்திகளிலேயே புதன்கிழமை முடிந்தது. லோவிசாவும் மெல்க்கரும் வாங்கினார்கள். ஆகஸ்டில் சாவி கைமாறும் என்று ஒப்பந்தம். ஹில்லெவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கடைசியாக என்னை எப்போது கட்டிக்கொண்டாள் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

ஜூன் மாதத்தில் லோவிசாவிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. 'கிழக்கு அறைச் சன்னலின் அகலம் தெரியுமா? சிக்னே திரைச்சீலைக்குத் துணி எடுத்துவிட்டாள். நரிப்படம் போட்டது.' பதிலை எழுதினேன். அழித்தேன். மூன்று நாளில் பலமுறை எழுதினேன். 'அந்த அறை வேண்டாம்.' 'மண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.' 'என் அக்கா அங்கே தூங்குவதில்லை.' கடைசியில் அனுப்பியது: 'நூற்றிருபது சென்டிமீட்டர்.' அவள் ஒரு சூரியன் படம் அனுப்பினாள்.

கிடங்கில் அந்த நான்கு கதவுகள் நின்றன. கிழக்கு அறைக் கதவின் மேல்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை. நான் வாயால் சொல்லாததைக் கதவு சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். மரத்திடம் பொறுப்பைக் கொடுத்த பிறகு சில நாள் நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்டில் பத்து நாளாக மழை. சாவி கொடுக்கும் காலையிலும் தூறிக்கொண்டிருந்தது. நான் கதவுகளை வண்டியில் கொண்டு போனேன். ஹைட்ரேஞ்சியாத் தொட்டிகளில் இரண்டு சாய்ந்திருந்தன. யாரோ நிமிர்த்தி வைத்து, அவை மீண்டும் சாய்ந்ததற்கான ஈரத் தடம் மண்ணில் இருந்தது.

மெல்க்கரும் நானும் கிழக்கு அறைக் கதவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஹில்லெவி சாவிக்கொத்தோடு பின்னால் வந்தாள். கதவைக் கீலில் மாட்டப் பார்த்தோம். கீழ்க் கீலில் உட்கார்ந்தது. மேல் மூலை நிலையில் முட்டியது. ஏப்ரலில் நகம் நுழையாத இடத்தில் இப்போது கதவே நுழையவில்லை, ஒரு கட்டைவிரல் அளவுக்கு.

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்" என்றான் மெல்க்கர்.

"என் கிடங்குல ஈரமே கிடையாது" என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அவன் கதவைத் தரையில் சாய்த்தான். மேல்விளிம்பு அவன் முகத்துக்கு நேராக வந்தது. நான் காத்திருந்தேன். அவன் குனிந்தான்.

"இங்க என்னமோ எழுதியிருக்கு. தேதி, தேதி, தேதி. யாரோட பிறந்தநாளு இதெல்லாம்?"

"என் வீட்டுக்காரரு தச்சு வாத்தியாரு" என்றாள் ஹில்லெவி. குரல் ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. "ஒவ்வொரு தடவை இழைக்கும்போதும் தேதி போடுவாரு. பழக்கம்."

"அருமையான பழக்கம். அப்ப நானும் போடணும்ல. இந்த வீட்டுல என்னோட முதல் வேலை." பையிலிருந்து அவன் அப்பாவின் பழைய இழைப்புளியை எடுத்தான். "பென்சில் இருக்கா யார்கிட்டயாவது?"

என் மேல்சட்டைப் பையில் எப்போதும் பென்சில் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். டோர்க்னியின் பதினான்காம் மாதத்துக்குக் கீழே அவன் அன்றைய தேதியை எழுதினான். பிறகு இழைக்கத் தொடங்கினான். மரச்சீவல்கள் சுருள்சுருளாக வெள்ளைத் தரையில் விழுந்தன.

ஹில்லெவி சாவியை லோவிசா கையில் வைத்தாள். இரு கையாலும் அவள் கையை மூடி, "நல்லா இருங்க" என்றாள். படியிறங்கிப் போனாள். என் காரின் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. நகரத்தில் அவளுக்காக இரண்டறை வீடு காத்திருந்தது, செங்கல் கட்டடம், பாறைமேல்.

அவள் கார்க்கதவு மூடிய பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. மனசாட்சி என்று ஒன்று எனக்கு இருக்குமானால், அது சாவி கைமாறும் வரை, என் அக்கா வெளியே போய் உட்காரும் வரை, பொறுமையாகக் காத்திருந்தது.

"இழைக்காதீங்க, மெல்க்கர்" என்றேன். "அது கதவில்ல. வீடு நகருது. ஒன்பது வருஷமா நகருது. போன வருஷம் நாலு தடவை. கிழக்குப் பக்கம், ஓடையைப் பார்த்து."

அவன் இழைப்புளியைப் பிடித்தபடியே நின்றான். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவனில்லை. ஆனாலும் மண்ணோடு சரிந்த வீடுகளைச் செய்திகளில் பார்த்திருப்பான். அவன் முகத்தில் நிறம் மெல்ல இறங்கியது.

"அறிக்கையில எதுவுமே இல்லையே."

"கதவு இல்ல. அதனால எழுதல. நான்தான் கழட்டினேன்."

"உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ஏப்ரல்லேர்ந்து."

நான் அவளுக்கென்று விட்டுப்போயிருந்த வெள்ளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து சிக்னே எதையோ தேடி எடுத்தாள். வசந்தத்தில் அவள் மாடிக்கும் கொண்டுவந்து உருட்டிவிட்ட எலுமிச்சை, சுருங்கிக் கல்லாகியிருந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"அந்தம்மாவைக் கூப்பிடு" என்றான் மெல்க்கர். "கீழதான இருக்காங்க. கூப்பிடு, லோவிசா."

லோவிசா சன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தாள். நரிப்படம் போட்ட திரைச்சீலை அவள் தோளில் மடித்துக் கிடந்தது.

"கூப்பிட்டு என்ன பண்றது? கோர்ட்டுக்குப் போனா நாலு வருஷம். அந்த நாலு வருஷம் எங்க தூங்கறது? நம்ம பழைய வீட்டுல நேத்தே ஆள் குடி வந்தாச்சு."

"அதுக்காக?"

லோவிசா என்னிடம் திரும்பினாள். வீடு பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேள்வி கேட்டபோது இருந்த அதே தாழ்ந்த குரல்.

"இதை நீங்க எங்ககிட்ட சொல்லவே இல்ல. சரியா?"

"லோவிசா" என்றான் மெல்க்கர்.

"இவங்க சொல்லல. நாம கேக்கல. கொஞ்ச நாள் இருந்தோம், உனக்கு வேலைக்குப் போக தூரமாப் போச்சு, அதனால விக்கறோம்." என்னைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வசந்தத்துலதான் வெளிச்சம் நல்லா இருக்கும், இல்லையா? அதுவரைக்கும் கதவுகளை உங்க கிடங்குல வச்சிருக்க முடியுமா?"

இல்லை என்று சொல்ல எனக்குச் சொற்கள் இருந்தன. இப்போதுகூட அவற்றை வரிசையாக எழுத முடியும். ஆனால் அவள் கண்ணில் நான் பார்த்தது எனக்குப் பழக்கமான ஒன்று. குழந்தை எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கும் என்று அவள் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள். இன்று இரவு மூன்று பேரும் சமையலறையில் படுப்பார்கள். சோபாவுக்கு அடியில் மூன்று ஜோடிக் காலணிகள் இருக்கும்.

அவள் கதவின் மேல்பக்கத்தைத் தூக்கினாள். என் கைகள் அடிப்பக்கத்தை ஏற்கெனவே பிடித்திருந்தன.

படியில் இறங்கும்போது மேல்விளிம்பு அவள் பக்கம் இருந்தது. அவள் ஒவ்வொரு தேதியாகப் படித்துக்கொண்டே பின்னோக்கி இறங்கினாள். வாசலில் தூறல் கனத்திருந்தது. நாங்கள் கதவோடு வெளியே வருவதைப் பார்த்து ஹில்லெவி கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன, பொருந்தலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் லோவிசா பதில் சொன்னாள்.

"நல்லாப் பொருந்துதுங்க. ஆனா இது இல்லாம இருந்தாத்தான் வீட்டுக்குள்ள வெளிச்சம் வருது."

ஹில்லெவி அவளைப் பார்த்தாள். பிறகு என்னை. நெடுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.